அண்ணன் வரைந்த தங்கை: அன்னா ஹாமர்ஷோயின் படம்

"பார்த்ததும் நகரவிடாமல் நிறுத்திய ஒரு பெண்ணின் உருவப்படம் எது, மோனாலிசா தவிர?" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் யோசனையே இல்லை. டென்மார்க் ஓவியர் வில்ஹெல்ம் ஹாமர்ஷோய் 1885-இல் தன் தங்கை அன்னாவை உட்காரவைத்து வரைந்த படம்தான்.

படத்தில் அதிகம் ஒன்றும் இல்லை. கறுப்பு உடையில் ஓர் இளம்பெண், பின்னால் கதவும் சுவரும், அவ்வளவுதான். அவள் நம்மைப் பார்ப்பதில்லை, பார்வை எங்கோ ஒதுங்கிப் போகிறது. மடியில் கிடக்கும் கைகளைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். விரல்களை ஒவ்வொன்றாகக் கோடுபோட்டுப் பிரிக்காமல் பாதியில் விட்டதுபோல இருக்கும், ஆனாலும் அந்தக் கைகள் சும்மா கிடப்பதன் கனம் அப்படியே தெரியும். டென்மார்க்கில் அதற்கு ஐம்பது, அறுபது வருஷம் முன்னால் சி. ஏ. யென்சன் போன்றவர்கள் வரைந்த பெண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், லேஸ், ரிப்பன், கண்ணில் ஒரு மினுமினுப்பு எல்லாம் அச்சு அசலாக இருக்கும், அவையும் அழகுதான், ஆனால் அந்தப் பெண்கள் நமக்காக உட்கார்ந்திருக்கிறார்கள். அன்னா அப்படி இல்லை.

பலரும் இந்தப் படத்தைச் சோகம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டில் அண்ணன் முன்னால் ரொம்ப நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், ஒரு கட்டத்துக்கு மேல் முகத்தை யாருக்காகவும் சரிசெய்துகொள்ள மாட்டாள், தன் யோசனையில் போய்விடுவாள். அந்த நேரத்தை அவர் பிடித்துவிட்டார், என்ன யோசனை என்று நமக்குச் சொல்லவும் இல்லை. அந்த மரியாதைதான் எனக்கு இந்தப் படத்தில் பெரிதாகப் படுகிறது.

கோபன்ஹேகன் கலை அகாடமிக்கு இது பிடிக்கவில்லை. அகாடமி தரும் நொய்ஹவுசன் பரிசுக்கு அனுப்பிய இந்தப் படத்துக்குப் பரிசு கிடைக்கவில்லை, சக ஓவியர்கள் பலர் சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள். ஹாமர்ஷோயின் ஆசிரியர்களில் ஒருவரான ஓவியர் க்ரோயர், தன்னிடம் விசித்திரமாக வரையும் ஒரு மாணவன் இருக்கிறான், அவனைப் புரியவில்லை, ஆனால் பெரிய ஆளாக வருவான், அதனால் அவன் போக்கில் தலையிடுவதில்லை என்று சொல்லியிருக்கிறார். நல்ல ஆசிரியர். அப்புறம் 1888-இல், அன்னா தைத்துக்கொண்டிருக்கும் இன்னொரு படத்தையும் அகாடமி சார்பில் நடக்கும் சார்லோட்டன்போர்க் கண்காட்சி திருப்பி அனுப்பியது. இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட கோபமெல்லாம் சேர்ந்துதான் 1891-இல் ஓவியர்கள் தாங்களே நடத்தும் 'டென் ஃப்ரீ' கண்காட்சி பிறந்தது.

படம் இப்போது கோபன்ஹேகனில், புகையிலை உற்பத்தியாளர் ஹிர்ஷ்ஸ்ப்ருங் சேர்த்த ஓவியங்களுக்கான அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹாமர்ஷோய் என்றாலே எல்லோரும் அவர் மனைவி ஈடா முதுகைக் காட்டி நிற்கும் அறைகளைத்தான் பேசுவார்கள். அவற்றை ரசிப்பவர்கள் அன்னாவிடமிருந்து தொடங்க வேண்டும் என்பேன், ஏனென்றால் முகம் தெரிந்தும் ஒருவரைத் தனியாக விட முடியும் என்பதை அவர் இங்கேயே செய்துவிட்டார்.