ஏற்காடு கோடை விழா: ராத்திரிச் சாப்பாட்டை எங்க வைக்கிறது?

சேலத்துல சமையல் காண்ட்ராக்ட் எடுக்கிறவன் நான். மே மாசம் வந்தா ஏற்காட்டுக்கு வேன் கட்டிப் போற குடும்பங்களுக்குச் சாப்பாடு போடுறது, போட முடியாதப்ப ஹோட்டல்ல டேபிள் பேசி விடுறது, ரெண்டும் செய்வேன். கோடை விழா தேதி வந்துட்டாலே போன்ல எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான்: எப்ப, எங்க உக்காந்து சாப்பிடுறது? கேட்டவங்களுக்கெல்லாம் சேத்து இங்க பதில் சொல்றேன்.

தருமபுரியிலிருந்து: நாங்க 8 பேர். சனிக்கிழமை அண்ணா பூங்காவுல மலர்க் கண்காட்சி, அப்புறம் ஏரியில போட்டிங், சாயங்காலம் கலைநிகழ்ச்சி. எல்லாம் முடிஞ்சு ஒன்பது மணிக்கு நல்ல ஹோட்டல்ல நிதானமா உக்காந்து சாப்பிடலாம்னு திட்டம். சரி வருமா அண்ணா?

வராதுங்க. எல்லாரும் இதையேதான் நெனைக்கிறாங்க, அதனாலயே வராது. நிகழ்ச்சி முடிஞ்சதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்துல எழுந்திரிச்சு ஏரி ரோட்டுல இருக்கிற நாலு கடையில வந்து விழும். காய்கறி, கறி, பரோட்டா மாவுக்கு மைதா எல்லாமே காலையில சேலத்துலருந்து மேல ஏறுற சரக்கு. ராத்திரி தீந்துபோச்சுன்னா இன்னொரு நடை வராது. சுடச்சுட ஒரு உலை வெப்போம்னாலும், ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். தண்ணி அங்க 95 டிகிரியிலயே கொதிச்சிடும், அரிசி வேக நம்ம ஊரைவிட நேரமாகும். மாஸ்டர் என்ன பண்ணுவாரு பாவம்.

ஒரு வருஷம் 14 பேரைக் கூட்டிட்டுப் போனேன். காலையிலயே ஒரு ஹோட்டல்ல சொல்லி வெச்சேன், "வாங்கண்ணா, பாத்துக்கலாம்"னாங்க. ஒன்பதரைக்குப் போய் நின்னா எங்க டேபிள்ல வேற யாரோ ரசம் ஊத்திட்டு இருக்காங்க. அடுப்படியில மிச்சம் முட்டையும் தோசை மாவும்தான். 14 பேருக்கு ஒரே கல்லுல முட்டை தோசை வார்த்து முடிக்க மணி பதினொண்ணு. கடைசி ஆளுக்கு வர்றப்ப மொத ஆளு வேன்ல தூங்கிட்டாரு. தப்புல பாதி என்னோடது, அட்வான்ஸ் குடுக்கலை. வாய்ப்பேச்சு டேபிளுக்கு விழா நாள்ல மதிப்பே கிடையாது.

அதனால பெரிய சாப்பாட்டை மத்தியானத்துக்குத் தள்ளிடுங்க. இலை போட்டு, கூட்டு பொரியலோட, நிதானமா. அதுவும் ஒன்றரைக்கு இல்ல, பன்னெண்டு மணி மொதப் பந்தி. அப்பத்தான் பொரியல் எல்லா இலைக்கும் வரும், சர்வரும் சிரிச்ச முகமா இருப்பாரு. அஞ்சு மணிக்கு டிபன், இட்லியோ சப்பாத்தியோ, வயிறு நெறைய. அந்த நேரம் ஹோட்டல்ல ஈ ஓடும், எட்டு பேருக்குச் சேந்தாப்புல டேபிள் கெடைக்கும். நிகழ்ச்சி முடிஞ்சப்புறம் பசிச்சா ஒரு மிளகாய் பஜ்ஜி, ஒரு காபி. அவ்வளவுதான் ராத்திரி.

நாமக்கல்லிலிருந்து: நாங்க மேலயே ரூம் போட்டிருக்கோம். எங்களுக்கும் இதேதானா?

இல்லீங்க, நீங்க குடுத்து வெச்சவங்க. நிகழ்ச்சிக்குக் கெளம்புறப்பவே தங்குற எடத்துல என்ன வேணும், எத்தனை பேருன்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்க. திரும்பி வந்து மெனு கார்டு கேட்டா கதை முடிஞ்சது.

அழகாபுரத்திலிருந்து ஒரு அக்கா: கொண்டை ஊசி வளைவுல சின்னவ கண்டிப்பா வாந்தி எடுப்பா. வெறும் வயித்தோட கூட்டிட்டுப் போகட்டுமா?

வேண்டாங்க்கா. வெறும் வயிறுன்னா கொமட்டல் அதிகமாகும். அடிவாரத்துலருந்து 20 வளைவு இருக்கு. கெளம்ப ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு இட்லி, எண்ணெய் கம்மியா. பூரி, பால் ரெண்டும் கூடாது. முன் சீட்டுல உக்கார வெச்சு தூரமாப் பாக்கச் சொல்லுங்க, கையில செல்போன் மட்டும் குடுக்காதீங்க.

ஆத்தூரிலிருந்து: அப்பாவுக்குச் சுகர். ராத்திரி எட்டு மணிக்கு மாத்திரை போட்டுச் சாப்பிடணும். அந்த நேரம் நிகழ்ச்சி நடந்துட்டு இருக்குமே?

அவருக்கு மட்டும் திட்டம் வேற. ஒரு தூக்குல சப்பாத்தி, கூட்டு எடுத்துட்டுப் போங்க. எட்டு மணிக்கு வெளிய வந்து வண்டியில உக்கார வெச்சுக் குடுங்க. நேரத்தை முன்னப் பின்ன தள்ளலாமான்னு டாக்டர்தான் சொல்லணும், சமையக்காரன் நான் சொல்லக் கூடாது. வண்டியை எங்க நிறுத்துறோம்ங்கிறதும் முக்கியங்க. ஏரிக்கு ரொம்பத் தள்ளி நிறுத்திட்டா அவரால நடக்க முடியாது.

கோவையிலிருந்து: இறங்கி வந்து சேலத்துல சாப்பிட்டா? அஞ்சு ரோடு பக்கம் ஒரு ஹோட்டல் பாத்து வெச்சிருக்கோம்.

நல்ல யோசனை, ஆனா ஒரு முடிச்சு இருக்குங்க. விழாக் கூட்டம் நெருக்குற நாள்ல போலீஸ் ஒருவழிப் பாதை ஆக்கிடறது உண்டு. ஏறுறதுக்கு கோரிமேடு, அடிவாரம். இறங்குறதுக்கு குப்பனூர். குப்பனூர் வழியா எறங்கினா நீங்க வந்து சேருறது ஊருக்குக் கெழக்கால, அயோத்தியாப்பட்டணம், அம்மாபேட்டை பக்கம். அஞ்சு ரோட்டுக்கு ஊரையே குறுக்கால கடக்கணும், பின் சீட்டுல குழந்தைங்க பசியில அழுவாங்க. கோவைக்குப் போறவங்களுக்கு அது எப்படியும் வழிதான்னாலும், சாப்பாட்டை அம்மாபேட்டை பக்கமே முடிச்சிட்டுப் போங்க. காலையில ஏறுறப்பவே அடிவாரத்துல போலீஸ்காரர்கிட்ட எறங்குற வழி எதுன்னு கேட்டுட்டா டேபிளை அதுக்குத் தக்கன பேசிக்கலாம்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: ஹோட்டலே வேண்டாம், 20 பேருக்கு வீட்டுலருந்தே கட்டிட்டுப் போறோம். எது கெடாது?

என் பொழப்புல மண்ணு போடுறீங்க, பரவால்ல! புளிசாதம் கண்ணை மூடிட்டு எடுக்கலாம், நல்லெண்ணெய் தாராளமா. எலுமிச்சை சாதம் மத்தியானம் வரைக்கும் தாங்கும். தயிர்சாதத்துக்குச் சாதத்தைக் குழைய வடிச்சு, பால் ஊத்தி, ஆறினதும் ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து எடுங்க. சாப்பிடுற நேரத்துக்குச் சரியா ஒறைஞ்சிருக்கும். தயிரையே ஊத்திப் பெசைஞ்சா வேன் சூட்டுல புளிச்சுப் பொங்கிடும். தேங்காய்ச் சட்னி கிட்டயே போகாதீங்க, வதக்கின தக்காளித் தொக்கு வெச்சுக்கோங்க. உருளைக்கிழங்கு வறுவல் சரி, பொடிமாஸ் வேண்டாம்.

2019 ஜனவரி 1-லருந்து ஒருதரம் பயன்படுத்தித் தூக்கிப் போடுற பிளாஸ்டிக் தட்டு, டம்ளர், கவர் எல்லாத்துக்கும் தமிழ்நாட்டுல தடை. வாழையிலை இல்லைன்னா பாக்குமட்டைத் தட்டு. அப்புறம் கொரங்கு. பகோடா பாயிண்ட் பக்கம் இலையை விரிச்சீங்கன்னா மொதப் பந்தி அதுங்களுக்குத்தான். பையில காகிதம் சலசலக்குற சத்தம் கேட்டாலே எறங்கி வந்துடும்.

ஓமலூரிலிருந்து: மாமியார் சுத்த சைவம், பசங்களுக்குப் பிரியாணிதான் வேணும். ரெண்டும் இருக்கிற கடைக்குள்ள மாமியார் வர மாட்டாங்க.

ரெண்டு பந்தியாப் பிரிங்க. மத்தியானம் எல்லாரும் சைவக் கடையில இலைச் சாப்பாடு. அஞ்சு மணி டிபனுக்கு மாமியாரும் நீங்களும் காபி, இட்லின்னு ஒரு பக்கம், வீட்டுக்காரரும் பசங்களும் இன்னொரு பக்கம். ஆனா பிரியாணி மத்தியானம் தம் போட்டதுதான், அஞ்சு மணிக்கு அண்டா அடி தெரியலாம். பதினொண்ணரைக்கே பார்சல் எடுத்து வெச்சிடலாம்னு பாக்காதீங்க, ஆறு மணி நேரம் பொட்டலத்துல கெடந்த கறியைக் குழந்தைங்களுக்குக் குடுக்கிறது எனக்கு ஒப்பலை.

பெங்களூரிலிருந்து: பில்லுல சர்வீஸ் சார்ஜ் போட்டா கட்டித்தான் ஆகணுமா சார்?

இல்லீங்க. அதைத் தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு 2022-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிருச்சு, 2025 மார்ச்ல டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி பண்ணிடுச்சு. எடுக்கச் சொல்லுங்க. ஜிஎஸ்டி வேற, அது கட்டணும். ஆனா விழா நாள்ல ஓடி ஓடிப் பரிமாறின பையனுக்குக் கையில ஏதாவது குடுத்துட்டுப் போங்க, அது சட்டத்துக்காக இல்ல.

சங்ககிரியிலிருந்து: மழை வந்தா?

மே மாசச் சாயங்காலம் மேல மழை வர்றது சகஜம். திறந்த எடத்துல இலை விரிக்கிற திட்டம் இருந்தா அஞ்சு மணிக்கு முன்னாடி முடிச்சிடுங்க. பெரியவங்களுக்கு ஸ்வெட்டர் மறக்காதீங்க, சேலம் வெயில்ல கெளம்புறப்ப யாருக்கும் ஞாபகம் வராது.

சென்னையிலிருந்து: இவ்வளவு சொல்லிட்டு தட்டுவடை செட் பத்திப் பேசவே இல்லையே அண்ணா?

அது உக்காந்து சாப்பிடுற அயிட்டம் இல்லீங்களே! தட்டுவடைக்கு நடுவுல கேரட், பீட்ரூட், வெங்காயம், ரெண்டு சட்னி, அப்படியே நின்னுட்டு வாயில போடணும். மலைக்குப் பார்சல் கட்டாதீங்க, ஏறுறதுக்குள்ள நமுத்துடும். முந்தின நாள் சாயங்காலமே சேலத்துக்கு வந்துடுங்க, கடை திறந்ததும் ரெண்டு செட் சாப்பிட்டுட்டுப் படுத்துடலாம்.