சுமை ஏறியதும் அனுப்பும் வரிசை நின்றுவிடுவது ஏன்?

வணக்கம். உங்கள் லினக்ஸ் நெட்வொர்க் டிரைவர் குறைந்த சுமையில் ஒழுங்காக இயங்குவதாகவும், சுமை ஏறியதும் அனுப்புவது அடியோடு நின்று, 5 வினாடியில் வாட்ச்டாக் (அனுப்புவது முடங்கிவிட்டதா என்று கண்காணிக்கும் கெர்னல் டைமர்) எச்சரிக்கை வருவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இன்டரப்ட் (அனுப்பி முடிந்ததை நெட்வொர்க் கார்டு சிபியூவுக்குச் சொல்லும் சமிக்ஞை) தவறுகிறது என்று நீங்கள் ஐயப்படுவது இயல்பே. ஆனால் குறைந்த சுமையில் அது தவறாமல் வருகிறதே.

என் கணிப்பில், இது இரண்டு சிபியூக்களுக்கு இடையிலான போட்டியால் எழும் பிழை. ரிங்கில் (அனுப்ப வேண்டியவற்றை கார்டுக்காகக் குறித்துவைக்கும் வட்டப் பட்டியல்) இடமில்லை என்று அனுப்பும் ஃபங்ஷன் கண்டறிந்து வரிசையை நிறுத்துவதற்குள், வேறொரு சிபியூவில் ஓடும் நிறைவுக் கையாளி (அனுப்பி முடிந்தவற்றை அகற்றும் ஃபங்ஷன்) எல்லா டிஸ்கிரிப்டர்களையும் (ரிங்கிலுள்ள பதிவுகள்) விடுவித்துவிட்டு, வரிசை இன்னும் நிற்கவில்லை என்பதால் அதை எழுப்பாமலே திரும்பிவிடுகிறது. அதன்பின் நிற்கும் வரிசையை எழுப்ப எவரும் இல்லை.

ஆகவே வரிசையை நிறுத்தியவுடன் ஒரு மெமரி பேரியரை (மெமரியில் எழுதுவதும் படிப்பதும் முன்பின் மாறாமல் காக்கும் கட்டளை) இட்டு, காலியிடத்தை மறுபடி சரிபார்த்து, இடம் இருந்தால் அங்கேயே வரிசையைத் தொடங்கிவிடுங்கள். கையாளியின் பக்கத்திலும், ரிங் குறியீட்டை (ரிங்கில் எதுவரை விடுவிக்கப்பட்டது என்பதைக் காட்டும் எண்) புதுப்பித்த பிறகு, வரிசை நின்றிருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன் இன்னொரு பேரியர் வேண்டும். பலரும் மறப்பது இதைத்தான்.

மேலும், ரிங் முழுதும் நிரம்பும்வரை காத்திராமல், மிகப்பெரிய பாக்கெட்டுக்கு வேண்டிய டிஸ்கிரிப்டர்கள் (வழக்கமான வரம்பில் 17 துண்டுகளுக்கும் முதற்பகுதிக்கும் சேர்த்து 18) மிஞ்சாதபோதே நிறுத்துங்கள்.