உளுந்து வேரில் முடிச்சு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உளுந்து விதைத்து ஒரு மாதம் ஆகிறது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் கடுகு அளவில் முடிச்சு முடிச்சாக இருக்கிறது. உரக்கடையில் காட்டினேன், நூற்புழு என்று சொல்லி மருந்து கொடுத்துவிட்டார்கள். போடலாமா?
- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அவசரப்பட்டுப் போட்டுவிடாதீர்கள் ஐயா. இன்னொரு செடியை எடுத்துப் பாருங்கள், ஆனால் கையால் இழுக்க வேண்டாம், இழுத்தால் பாதி முடிச்சு மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். களைக்கொத்தால் சுற்றிக் கொத்தி மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவிட்டு அலசுங்கள். முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்து, நகத்தால் தள்ளியதும் தனியாகக் கழன்று வந்தால் அது ரைசோபியம் பாக்டீரியா குடியிருக்கும் வேர்முடிச்சு. நூற்புழு தாக்கியிருந்தால் வேரே வீங்கிப் புடைத்திருக்கும், தள்ளினால் வராது.

கழன்று வந்த முடிச்சைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தழைச்சத்தாக மாற்றும் வேலை நடக்கிறது என்று அர்த்தம். அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின் என்ற பொருளால் வருகிறது, நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவு முறை. நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுப்போகும், ஆனால் பாக்டீரியா மூச்சுவிட அதே ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலை ஆக்சிஜனைப் பிடித்து வைத்து அளந்து அளந்து கொடுத்துச் சமாளிப்பது லெக்ஹீமோகுளோபின்தான். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு தீராத இடம் இது. உள்ளே வெள்ளையாக இருந்தால் முடிச்சு இன்னும் இளசு, அல்லது பயன் தராத ரகப் பாக்டீரியா. பச்சையோ பழுப்போ என்றால் அதன் காலம் முடிந்தது, காய் முற்றும் சமயத்தில் அப்படி ஆவது இயல்புதான்.

கேள்வி: முடிச்சு இருந்தாலும் யூரியா போட்டால் விளைச்சல் கூடும்தானே?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: பயறு வகைக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் பலிக்காது. பாக்டீரியா சும்மா வேலை செய்வதில்லை, செடி தன் இலையில் சமைத்த சர்க்கரையைக் கூலியாகக் கொடுக்கிறது, அதுவும் கணிசமாக. உறவைத் தொடங்குவதும் செடிதான்: வேர் சில பொருள்களைக் கசியவிடும், பாக்டீரியா பதிலுக்கு ஒரு சமிக்ஞை அனுப்பும், வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே எடுத்துக்கொள்ளும். (நிலக்கடலை போன்ற சிலவற்றில் வழி வேறு, பக்கவேர் வெடித்துக் கிளம்பும் இடுக்கு வழியாக நுழையும்.) மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி இவ்வளவு செலவு செய்யாது, முடிச்சு குறைந்துவிடும். முடிச்சு வேலை தொடங்கும்வரை தாங்க, அடியுரத்தில் கொஞ்சம் தழைச்சத்து போதும், இறவை உளுந்துக்கு ஏக்கருக்கு 10 கிலோ. மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம், முடிச்சுக்கு அது அவசியம்.

கேள்வி: உளுந்து போட்டாலே மண் வளமாகிவிடும் என்கிறார்களே, உண்மையா?
- ஒரு வாசகர், திருவாரூர்

பதில்: பாதி உண்மை. பயறு வகைகள் தழைச்சத்தை முடிச்சிலிருந்து பெறுகின்றன என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1886-லேயே சோதனை செய்து சொல்லிவிட்டார்கள், 1888-இல் ஹாலந்தின் பெயரிங்க் அந்தப் பாக்டீரியாவைத் தனியே பிரித்தார். ஆனால் அந்தச் சத்து முதலில் செடிக்குத்தான் போகிறது, மண்ணுக்கு அல்ல. காய் முற்ற முற்ற அதில் பெரும்பகுதி பருப்புக்குள் ஏறிவிடும், நாம் சாப்பிடும் புரதமே அதுதான். செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோய், பயறு பிரித்தபின் மிஞ்சும் தோலையும் சருகையும் மாட்டுக்குப் போட்டுவிட்டால் வயலில் என்ன மிஞ்சும்? செடியை அரிவாளால் அறுத்து வேரை மண்ணிலேயே விடுங்கள், உதிர்ந்த இலையைக் கொளுத்தாமல் உழுதுவிடுங்கள். நிஜமாகவே மண்ணை ஏற்ற வேண்டுமென்றால் தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுவதுதான் சரி, அங்கே எதுவும் வெளியே போவதில்லை.

அப்புறம், வெகுகாலம் பயறே போடாத வயலாக இருந்தால் விதைக்கு ரைசோபியம் கலந்துகொள்ளுங்கள். ஆறிய கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றைக்கே விதைத்துவிட வேண்டும். பூஞ்சாண மருந்தும் பூசுவதாக இருந்தால் அது முதலில், ஒரு நாள் இடைவெளி விட்டு ரைசோபியம்.