கருவளையத்தை விடுங்கள், அந்த இருமலைச் சொல்லுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 7 வயது. ஒரு வருடமாகக் காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கடைப்பு, மூக்கு அரிப்பு. அலர்ஜி என்று ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே எழுதிக் கொடுத்தார்கள். குழந்தையின் வளர்ச்சி நின்றுவிடும் என்று இணையத்தில் படித்ததும் பயந்துபோய் 5 நாளில் நிறுத்திவிட்டேன். இப்போது வீட்டில் இருந்த சளி சிரப்பைத்தான் இரவில் கொடுக்கிறேன். கண்ணுக்குக் கீழே கருவளையம் இருக்கிறது, ரத்தசோகையா? ஓடி விளையாடினால் கொஞ்சம் இருமுவான், சில நாள் இரவிலும்.

பதில்: போகிற போக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இருமல்தான் எனக்கு முக்கியம். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது பையன் குட்டையாகிவிடுவானோ என்ற பயம். அது தீராமல் நான் வேறு எதைச் சொன்னாலும் காதில் ஏறாது, அதனால் முதலில் அது.

2000இல் வெளியான ஓர் ஆய்வில் 6 முதல் 9 வயதுவரையுள்ள 100 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு பெக்லோமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேயைத் தினம் இரண்டு வேளை, ஒரு வருடம் முழுக்கக் கொடுத்தார்கள். மருந்தில்லாத ஸ்பிரே அடித்த குழந்தைகள் சராசரியாக 5.9 செ.மீ. வளர்ந்தார்கள், மருந்து அடித்தவர்கள் 5 செ.மீ. வித்தியாசம் 0.9 செ.மீ. அதுதான் கைமாறிக் கைமாறி ‘வளர்ச்சி நின்றுவிடும்’ என்று உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதே ஆண்டு மொமெட்டசோன் என்ற இன்னொரு ஸ்டீராய்டு ஸ்பிரேயை 3 முதல் 9 வயதுக் குழந்தைகளுக்குத் தினம் ஒரு வேளை, ஒரு வருடம் கொடுத்துப் பார்த்ததில் வளர்ச்சி குறையவில்லை. மூக்கிலிருந்து தொண்டைக்கு இறங்கி விழுங்கப்படும் மருந்தில் எவ்வளவு ரத்தத்தில் கலக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெக்லோமெத்தசோனில் கணிசமாகக் கலக்கும், மொமெட்டசோனில் மிகச் சொற்பம். பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எந்த ஸ்பிரேயாக இருந்தாலும் நோயை அடக்கப் போதுமான குறைந்த அளவு, சில மாதங்களுக்கு ஒரு முறை உயரம் அளந்து குறித்துக்கொள்வது, இவ்வளவு கவனம் போதும்.

சரி, இருமல். மூக்கும் நுரையீரலும் ஒரே பாதையின் இரண்டு முனைகள். ஆஸ்துமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு மூக்கு அலர்ஜியும் இருக்கிறது, மூக்கைக் கவனிக்காமல் விட்டால் ஆஸ்துமாவை அடக்குவதும் கடினம். ஓடினால் வரும் இருமல், தூக்கத்திலிருந்து எழுப்பும் இருமல், சிரித்தால் தொடங்கி நிற்காத இருமல், இதெல்லாம் ‘சளி இருமல்’ என்று தள்ளிவிடக் கூடியது அல்ல. பல குழந்தைகளுக்கு ஆஸ்துமா இப்படித்தான் ஆரம்பிக்கும், வீசிங் சத்தம் வெளியே கேட்க வேண்டும் என்றுகூட இல்லை. இரண்டு வாரம் ஒரு தாளில் குறித்து வையுங்கள்: எத்தனை இரவு இருமினான், விளையாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்தானா என்று. இருமும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, நெஞ்சு தெரிகிற மாதிரி செல்போனில் ஒரு நிமிடம் படம் பிடியுங்கள். பகலில் கிளினிக்கில் சாதுவாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்து எங்களுக்குத் தெரியாதது அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுந்தாலோ, ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமல் திணறினாலோ படம் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குக் கிளம்புங்கள்.

கருவளையம் பெரும்பாலும் மூக்கடைப்பால் கண்ணுக்குக் கீழே ரத்தம் தேங்குவதால் வருவது. அதற்காகச் சத்து டானிக் வாங்க வேண்டாம்.

அப்புறம் அந்த சிரப். இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. பழைய வகை அலர்ஜி மருந்து கலந்த சளி சிரப் தூக்கத்தை வரவழைக்கும், மறுநாள் வகுப்பிலும் பிள்ளை மந்தமாக இருப்பான், பாடம் ஏறவில்லை என்று அதற்கும் திட்டு வாங்குவான். இருமலை அமுக்கி, நான் மேலே சொன்ன அடையாளத்தையும் மறைத்துவிடலாம். வேறொரு நாள் வாங்கிய மிச்ச மருந்து இவனுக்கு எப்படிச் சரியாக இருக்கும்? கீழே ஊற்றிவிடுங்கள். மூக்கடைப்பைச் சட்டென்று திறக்கும் சொட்டு மருந்தையும் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்காதீர்கள், சில நாளுக்கு மேல் போட்டால் மூக்கு முன்னைவிட மோசமாக அடைத்துக்கொள்ளும்.

ஸ்பிரேயை மறுபடி தொடங்குங்கள். 5 நாளில் அது முழுப் பலனைக் காட்டியிருக்காது, சிலருக்கு இரண்டு வாரமும் ஆகும். தலையைச் சற்றுக் குனிய வைத்து, இடது மூக்குக்கு வலது கையால், வலது மூக்குக்கு இடது கையால் அடியுங்கள். அப்போது ஸ்பிரேயின் நுனி, இரண்டு மூக்குத் துளைகளுக்கும் இடையே உள்ள நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப்பக்கம் திரும்பும். நடுத்தண்டில் பட்டுக்கொண்டே இருந்தால் மூக்கில் ரத்தம் வரலாம். அடித்ததும் பலமாக உறிஞ்சச் சொல்லாதீர்கள், மருந்து தொண்டைக்குப் போய்விடும். ஒரு மாதம் விடாமல் அடித்துவிட்டு மூக்கு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள். இருமலுக்கு அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம். குறித்து வைக்கும் தாள் நிரம்பாவிட்டாலும் பரவாயில்லை, இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் கூட்டிப் போய் நெஞ்சைப் பார்க்கச் சொல்லுங்கள்.