கேமராப் படங்களில் பிறகு இடம் சேர்க்கலாமா?

கேள்வி: கடந்த மாதம் பைக்கில் கும்பகோணத்திலிருந்து தாராசுரம், தஞ்சாவூர் வழியாகக் கல்லணை வரை சென்று, டிஎஸ்எல்ஆர் கேமராவில் சுமார் 600 படங்கள் எடுத்தேன். கேமராவில் ஜிபிஎஸ் கிடையாது. ஆனால் போனில் ஒரு செயலி முழுப் பயணத் தடத்தையும் பதிவு செய்திருக்கிறது. படங்களில் இப்போது இடத்தைச் சேர்க்க முடியுமா? கேமராவின் கடிகாரம் சில நிமிடங்கள் முந்தி ஓடுகிறது.
– வாசகர், கும்பகோணம்

பதில்: தாராளமாகச் சேர்க்கலாம். போன் செயலியிலிருந்து தடத்தை, சென்ற இடங்களையும் நேரங்களையும் வரிசையாக வைத்திருக்கும் ஜிபிஎக்ஸ் (GPX) கோப்பாக வெளியே எடுங்கள். எக்சிஃப்டூல், டிஜிகாம் ஆகிய இலவச மென்பொருள்களும் லைட்ரூம் கிளாசிக்கும், ஒவ்வொரு படமும் எடுக்கப்பட்ட நேரத்தைத் தடத்திலுள்ள நேரத்தோடு பொருத்தி, அட்சரேகை, தீர்க்கரேகையைப் படத்தில் எழுதிவிடும்.

ஆகவே உங்கள் வேலையெல்லாம் நேரத்தைச் சரிசெய்வதில்தான் இருக்கிறது. அவசரப்பட்டுக் கேமராவின் கடிகாரத்தைத் திருத்திவிடாதீர்கள். வினாடியோடு நேரம் காட்டும் போன் திரையை அதே கேமராவில் ஒரு படம் எடுங்கள். திரையில் தெரியும் நேரத்துக்கும் அந்தப் படத்தில் பதிவான நேரத்துக்கும் உள்ள வித்தியாசமே நீங்கள் மென்பொருளுக்குத் தர வேண்டிய திருத்தம். நான்கு நிமிடப் பிழைதானே என்று விட்டுவிட்டால், தாராசுரத்தில் ராஜகம்பீரன் மண்டபத்துத் தேர்ச் சக்கரத்தை எடுத்துவிட்டு உடனே வண்டியைக் கிளப்பியிருந்தால், அந்தப் படம் தஞ்சாவூர் சாலையில் இரண்டரை கிலோமீட்டர் தள்ளி விழுந்து கிடக்கும்.

இதைவிடப் பலரையும் ஏமாற்றுவது வேறொன்று: ஜிபிஎக்ஸ் கோப்பில் நேரம் உலகப் பொது நேரப்படி இருக்கும், நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால். இந்த நேர மண்டலத்தைக் குறிப்பிட மறந்தால், காலை 9 மணிக்குத் தாராசுரத்தில் எடுத்த படம், பிற்பகல் 2.30 மணிக்கு நீங்கள் கல்லணையில் நின்றிருந்தால் அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். எனவே இடம் உங்களுக்கு ஐயமின்றித் தெரிந்த ஐந்தாறு படங்களில் சோதித்துப் பார்த்த பிறகே மற்றவற்றைத் தொடுங்கள். அதுவும் பிரதிகளில் மட்டும்.

கல் மண்டபங்களுக்குள் ஜிபிஎஸ் சிக்னல் அலையும் என்பதால் அங்கு எடுத்த படங்களை வரைபடத்தில் கையால் இழுத்து வையுங்கள். ஊர்ப் பெயரைத் தட்டித் தேடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. டெல்டாவில் ‘நல்லூர்’ என்ற பெயரில் ஊர்கள் ஒன்றா இரண்டா? அட்சரேகை, தீர்க்கரேகையை எண்ணாகவே உள்ளிடுவதானால், தசமப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் போதும். அது ஏறக்குறைய 11 மீட்டர் வரை துல்லியம் தரும்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இத்தனை உழைப்பும் அழிந்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் தங்கும். காவல் குறைந்த சிற்றூர்க் கோயில்களின் செப்புத் திருமேனிகளை எடுத்திருந்தால் மட்டும், பொதுவில் பகிரும் பிரதியிலிருந்து இடத்தை நீக்கிவிட்டு, உங்கள் சேமிப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.