பலெர்மோவில் நமது ‘ஒனொரேவொலே’ யார்?

கேள்வி: பலெர்மோவில் இருபது வருடமாக இருக்கிறேன். போன வருடம் இத்தாலியப் பிரஜாவுரிமை கிடைத்தது. எங்கள் பகுதிக்கான சிசிலிப் பாராளுமன்ற உறுப்பினர், அதாவது இங்கே ‘ஒனொரேவொலே’ என்று அழைக்கப்படுபவர், யார்? அவரைப் பிடித்து மனைவியின் பிரஜாவுரிமையை விரைவாக எடுத்துத் தருவதாக ஒருவர் 400 யூரோ கேட்கிறார். என் வதிவிடப் பதிவு இன்னும் மெசினாவில்தான் இருக்கிறது.

பதில்: முதலில் அந்த 400 யூரோவைக் கொடுக்காதீர்கள். மற்றதை அப்புறம் பார்ப்போம்.

பிரஜாவுரிமை மத்திய அரசின் வேலை. மனுவைப் பார்ப்பது பிரெபெத்தூராவும் (மாகாணத்தில் உள்ள மத்திய அரசின் அலுவலகம்) உள்துறை அமைச்சும். நோர்மன் அரண்மனையில் கூடும் சிசிலிப் பாராளுமன்றத்துக்கு அதில் ஒரு அதிகாரமும் கிடையாது. இரண்டு வருடத்தில் முடிக்க வேண்டியதை மூன்று வருடம் வரை இழுக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நிலவரம் சொல்லக்கூட ஆளில்லை என்றால் தரகன் முளைக்காமல் என்ன செய்வான்? தானாக வரப்போகும் கடிதம் வந்ததும் “நான்தான் எடுத்துக் கொடுத்தேன்” என்பான்.

அடுத்தது, ‘எங்கள் பகுதிக்கு ஒருவர்’ என்ற முறையே அங்கு இல்லை. ஒவ்வொரு மாகாணமும் முழுவதுமாக ஒரே தொகுதி. மொத்தம் 70 ஆசனங்கள். அதில் 62 ஆசனங்கள் சிசிலியின் ஒன்பது மாகாணங்களுக்கு. பலெர்மோவுக்கு 16, கத்தானியாவுக்கு 13, மெசினாவுக்கு 8, சின்ன மாகாணமான ‘என்னா’வுக்கு இரண்டே இரண்டு. மீதி எட்டுப் பேரின் கதை உங்களுக்குத் தேவையில்லை.

உங்களுக்கு இருக்கும் உண்மையான சிக்கல் மெசினாதான். குடியிருப்பது எங்கே என்பது கணக்கில்லை, பதிவு எங்கே என்பதுதான் கணக்கு. பலெர்மோவில் உங்களுக்குப் பழக்கமான வேட்பாளரின் பெயரை மெசினா வாக்குச்சீட்டில் எழுதினால் அந்த விருப்பு வாக்கு செல்லாது. எழுதக்கூடியதும் ஒரே ஒரு பெயர்தான், அதுவும் நீங்கள் புள்ளடியிட்ட கட்சிப் பட்டியலில் உள்ளவராக இருக்க வேண்டும். அதனால் பதிவை இப்போதே பலெர்மோ கொமூனேக்கு (நகரசபைக்கு) மாற்றுங்கள். தேர்தல் நெருங்கியபின் மாற்றினால் வாக்களிக்க மெசினாவுக்கே ரயில் ஏற வேண்டி வரலாம்.

இன்னொன்று. வாக்குக்குக் காசு கொடுப்பவர்கள் வாக்குச்சீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்வார்கள். கைபேசியோடு வாக்களிக்கும் மறைப்புக்குள் போவது 2008 முதல் குற்றம். வாக்குக்குக் காசு வாங்குவதும் குற்றம்தான். மாட்டுவது நீங்கள், தரகனல்ல.

வாக்காளர் அட்டையில் 18 கட்டங்கள் இருக்கும், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு முத்திரை. தொலைந்தாலும் நிரம்பினாலும் கொமூனேயில் புதிது இலவசம். அதற்கும் காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.