செயலி காட்டும் கலோரி சரியா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செயலியில் நாளுக்கு 1,400 கலோரிதான் காட்டுகிறது. இரண்டு மாதமாகியும் எடை அசையவில்லை. செயலி தவறா, என் உடல்வாகே அப்படியா?
ஈசூன் வாசகி

உடல்வாகைக் குறை சொல்லுமுன் பதிவைப் பாருங்கள். சாப்பிட்டதைத் தாமே குறித்து வைப்பவர்கள் பெரும்பாலும் குறைத்தே குறிக்கிறார்கள். ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவரும் உண்மை இது. நம் சமையலில் முதலில் விடுபடுவது எண்ணெய். ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. 'கத்தரிக்காய்ப் பொரியல், ஒரு கிண்ணம்' என்று தேடி முதலில் வருவதைத் தட்டினால், அது யாரோ எங்கேயோ சமைத்த பொரியலின் கணக்கு. உங்கள் வாணலியில் ஊற்றிய எண்ணெய் அதற்குத் தெரியாது.

அடுத்தது அரிசி. 75 கிராம் அரிசி வெந்தால் சுமார் 200 கிராம் சோறு. கலோரி ஏறக்குறைய 260. அரிசியாக நிறுத்துவிட்டு, 'சோறு' என்ற பெயரில் 75 கிராம் பதிந்தால் செயலி 100 கலோரிதான் காட்டும். ஒரு வேளையிலேயே 160 காணாமல் போய்விடும்.

வீட்டில் அடிக்கடி செய்யும் ஐந்தாறு பதார்த்தங்களை நீங்களே செயலியில் சேர்த்துவிடுங்கள். சாம்பாரை எடுத்துக்கொள்வோம். வெறும் பாத்திரத்தை முதலில் நிறுத்து எடையைக் குறியுங்கள். துவரம்பருப்பு 200 கிராம், எண்ணெய் 2 மேசைக்கரண்டி, காய்கறி என்று எல்லாவற்றையும் பச்சையாகவே நிறுத்துப் பதியுங்கள். மொத்தம் 1,000 கலோரிக்குச் சற்று மேலே வரும். இறக்கியதும் பாத்திரத்தோடு நிறுத்து, பாத்திர எடையைக் கழியுங்கள். சாம்பார் 2 கிலோ தேறினால் 200 கிராம் கிண்ணத்துக்கு ஏறக்குறைய 100 கலோரி. ஒருமுறை செய்தால் போதும். எண்ணெயின் அளவு மாறினால் மட்டும் திருத்துங்கள்.

தினமும் எழுத முடியாவிட்டால் இரண்டு வேலைநாள், ஒரு வார இறுதி நாள் எழுதுங்கள். சாப்பிட்ட கையோடு எழுதிவிட வேண்டும். இரவில் யோசித்து எழுதினால் நான்கு மணிக்குத் தின்ற முறுக்கு நினைவுக்கு வராது.

கேள்வி: அம்மாவுக்கு நீரிழிவு. தட்டைப் படம் எடுத்தாலே கணக்குச் சொல்லும் செயலிகளை நம்பலாமா?
தெம்பனிஸ் வாசகர்

என்ன உணவு என்பதை ஓரளவு சொல்லும். எவ்வளவு என்பதில்தான் சறுக்கும். பிராட்டா மேல் ஊற்றிய கறியின் ஆழமோ, மாவில் போன நெய்யோ படத்தில் தெரியாது. படத்தைச் சாய்வாக எடுங்கள், அளவு தெரிய ஒரு கரண்டியைப் பக்கத்தில் வையுங்கள், சாப்பிட்டு முடித்ததும் மிச்சத்தையும் எடுங்கள். பிறகு அளவை உங்கள் கையால் திருத்துங்கள்.

அம்மாவுக்குக் கலோரியைவிட மாவுச்சத்துக் கணக்கே முக்கியம். அதன் பக்கத்திலேயே, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்த சர்க்கரை அளவையும் குறித்து வாருங்கள். எந்தச் சாப்பாடு ஏற்றுகிறது என்று சில வாரங்களில் புரியும். இன்சுலின் போடுபவர்கள் செயலியை மட்டும் நம்பிச் சோற்றைச் சட்டென்று குறைக்கக்கூடாது. சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். குறிப்பைப் பலதுறை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு மாற்றுங்கள்.

கேள்வி: நியூட்ரி-கிரேட் 'பி' பானங்களைப் பதியாமல் விடலாமா?
சிராங்கூன் வாசகி

கூடாது. நியூட்ரி-கிரேட் என்பது பானத்தில் உள்ள சர்க்கரை, நிறைகொழுப்பு அளவைக் காட்டும் சிங்கப்பூர்த் தரக்குறி. அது 100 மில்லிலிட்டருக்குக் கணக்கிட்டது. 'பி' தரத்தில் 5 கிராம் வரை சர்க்கரை இருக்கலாம். 500 மில்லிலிட்டர் குடித்தால் 25 கிராம், அதாவது ஐந்து தேக்கரண்டி. காப்பிக்கடைத் தேநீரைப் பதியும்போதும் பெயரைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். 'தே'யில் இனிப்புக் கெட்டிப்பால் உண்டு. 'தே-ஓ'வில் பால் இல்லை, சீனி உண்டு. 'தே-ஓ கோசோங்'கில் இரண்டும் இல்லை.

கேள்வி: 13 வயது மகளும் கலோரி எண்ணத் தொடங்கிவிட்டாள். விடலாமா?
ஜூரோங் வாசகி

வேண்டாம். வளரும் வயதில் தட்டைப் பார்த்தால் போதும்: பாதி காய்கனி, கால் பங்கு முழுத்தானியம், கால் பங்கு பருப்பு, மீன், முட்டை போன்றவை. சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் அளவும் இதுவே. வேளையைத் தவிர்ப்பது, சாப்பிட்டதற்குக் குற்ற உணர்வு, மாதவிலக்குத் தள்ளிப்போவது ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் செயலியை நீக்கிவிட்டு உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.